கழுவாமல் ஏற்றிய டிஸ்ட்ரிபியூட்டர்

மெக்கானிக் சங்கத்து ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. எட்டாம் வகுப்போடு சரி. முடியாது என்றுதான் சொன்னேன்.

போன மாதம் ராஜபாளையம் ரோட்டில் ஒரு ஷெட்டில் உட்கார்ந்திருந்தேன். ஒரு கார் வந்தது. மீட்டரில் எஞ்சின் விளக்கு எரிகிறது என்றார் வண்டிக்காரர். ஷெட்காரர் ஸ்கேனரைச் சொருகினார். என்ன கோளாறு என்று காட்டுகிற நம்பர் அதில் வரும். அதை அவர் வாசிக்கவில்லை. முதல் வேலையாக அழித்தார். விளக்கு அணைந்தது. "சரியாப் போச்சு, எடுத்துட்டுப் போங்க" என்றார். வண்டி போய்விட்டது.

நான் எழுந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். இது செல்லையா என்ற டாக்ஸி டிரைவரைப் பற்றியது.

என் வேலை கார் எலெக்ட்ரிக் வேலை. பேட்டரிக் கடையில் சேர்ந்தேன். ஆசிட் பட்டுச் சட்டையெல்லாம் ஓட்டை. பிறகு டைனமோ, செல்ஃப் மோட்டார். பிறகு டிஸ்ட்ரிபியூட்டர். அதோடு நின்றுவிட்டேன். கடைசி வரை அதுதான்.

இப்போது வருகிற பிள்ளைகள் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றியிருக்க மாட்டார்கள். பழைய பெட்ரோல் காரில் எஞ்சின் பக்கத்தில் நிற்கும். செம்பு அளவு இருக்கும். மேலே கறுப்பு மூடி. மூடியிலிருந்து பிளக்குகளுக்கு ஒயர் போகும். எந்த பிளக்குக்கு எப்போது நெருப்பு என்று பங்கு வைப்பது அதுதான்.

பிஸ்டன் மேலே வந்து சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால் நெருப்பு விழ வேண்டும். வேகம் ஏற ஏற இன்னும் முன்னால் விழ வேண்டும். ரொம்பப் பழைய கார்களில் இதற்கென்று ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு நெம்புகோல் உண்டு. டிரைவரே கையால் தள்ளிக்கொள்வார். பின்னால் வந்த வண்டிகளில் இது தானாக நடக்கும்படி செய்துவிட்டார்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள், திறந்து மூடி நெருப்பை உண்டாக்குகிற பாயிண்ட் உட்காருகிற தட்டு இருக்கும். அந்தத் தட்டுக்கு அடியில் இரண்டு சின்ன இரும்பு வெயிட். ஸ்பிரிங் அவற்றை இழுத்துப் பிடித்திருக்கும். சுற்றுகிற வேகத்தில் வெயிட் வெளியே விரியும். திருவிழா ராட்டினம் சுற்றும்போது தொட்டில் விரிகிற மாதிரி. விரிந்தால் நெருப்பு முன்னால் வரும். வேகம் குறைந்தால் ஸ்பிரிங் உள்ளே இழுத்துவிடும்.

வெயிட் விரியாவிட்டால் வண்டி நிற்காது. ஓடும். ஆனால் சோம்பும். எஞ்சின் சுடும். பெட்ரோல் குடிக்கும். பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. டிரைவர் காலுக்கு மட்டும்தான் தெரியும்.

எங்கள் ஷெட் திருவேங்கடம் ரோட்டில் இருந்தது. முதலாளியை அண்ணாச்சி என்போம். அவர் தவறிப்போன பிறகு அவர் வீட்டம்மா ஷெட்டை எடுத்து நடத்தினார்கள். அண்ணாச்சி சம்சாரம் எங்களுக்கு மதினி. வண்டிக்காரர்களும் மதினி என்றே கூப்பிட்டார்கள்.

அண்ணாச்சி மதுரையில் ஏலத்துக்கு வந்த ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் டெஸ்ட் மெஷினை எடுத்து வந்து போட்டிருந்தார். அவர் போனதும் அதைப் பழைய இரும்புக்குத் தள்ளிவிடலாம் என்று சொன்னவர்கள் உண்டு. நானும் சொன்னேன். புளியங்குடி ரோட்டில் ஓட்டிப் பார்த்து, காதால் கேட்டே நெருப்பு விழுகிற நேரத்தை, டைமிங்கை, வைக்கிற ஆட்கள் நாங்கள்.

மதினி ஒத்துக்கொள்ளவில்லை.

"ஒன் காதுக்குள்ள வந்து நான் எப்படிப் பாக்க? மெஷின்ல ஓடவிட்டு எனக்குக் காட்டு. நான் பாத்த பொறவு வண்டியில மாட்டு" என்றார்கள்.

அதுதான் அவர்கள் முறை. சத்தம் போட மாட்டார்கள். ஒரு வேலை பிடிக்கவில்லை என்றால் அந்தச் சாமானை எடுத்து வந்து நம் மேசையில் வைப்பார்கள். "திரும்ப" என்பார்கள். ஒரே வார்த்தை. என்ன தப்பு என்று சொல்ல மாட்டார்கள். நாமேதான் தேட வேண்டும்.

மெஷின் வேலைக்கு வரிசை உண்டு. டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றியதும் முதலில் கழுவ வேண்டும். தகரத் தட்டில் பெட்ரோல் ஊற்றி, உள்ளே பிரிக்காமல் அப்படியே அதில் முக்கி, பிரஷ் போட்டுத் தேய்த்து, காற்றடித்துக் காயவைக்க வேண்டும். எல்லாச் சாமானும் முக்கிக் கறுத்த பெட்ரோல்; அதில் எது கரைந்தது என்று தெரியாது. கழுவாத சாமான் மெஷினைத் தொடக் கூடாது. ஒரு தடவை யாரோ மணலோடு ஏற்றி மெஷினின் பிடி தேய்ந்து ஆட்டம் கொடுத்துவிட்டது. அதைச் சரிசெய்ய மதுரையிலிருந்து ஆள் வர வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து அது மதினி போட்ட சட்டம்.

கழுவியதை மெஷினில் நிறுத்தி இறுக்குவோம். கீழேயிருந்து மோட்டார் சுற்றும். சுற்றிலும் வட்டத் தகடு. அதில் டிகிரிக் கோடுகள். ஒவ்வொரு தடவை நெருப்பு விழும்போதும் தகட்டில் அம்பு மாதிரி ஒரு வெளிச்சம் மின்னும். விடாமல் மின்னுவதால் அம்பு ஒரே இடத்தில் நிற்பதாகத் தெரியும். வேகத்தை ஏற்றினால் அம்பு நகர வேண்டும். எந்த வேகத்துக்கு எந்தக் கோட்டில் நிற்க வேண்டும் என்று வண்டிக்கு வண்டி கணக்கு இருக்கிறது. ஏற்றும்போது எந்தக் கோட்டில் பார்த்தோமோ இறக்கும்போதும் அந்தக் கோட்டில் நிற்க வேண்டும். எஞ்சின் உறிஞ்சும் காற்றை வைத்து நெருப்பை நகர்த்துகிற வேக்கம் டப்பா பக்கவாட்டில் இருக்கும்; அதைக் கைப்பம்பால் உறிஞ்சி, பிடித்து நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மதினி ஸ்டூல் போட்டு எதிரே உட்காருவார்கள். வெற்றிலை போடுகிற பழக்கம் உண்டு. அம்பு நகரத் தொடங்கினால் வாய் மெல்லுவது நின்றுவிடும். அம்பு போய்த் திரும்பி வந்த பிறகுதான் மெல்லுவார்கள். "மாட்டு" என்பார்கள்.

சிவகிரித் தோட்டத்து ஜீப் ஒன்று வந்தது. எஞ்சின் தட்டுகிறது என்று நான் காதால் கேட்டு டைமிங்கைப் பின்னால் இழுத்து வைத்தேன். தட்டுவது நின்றது, இழுவையும் நின்றது. மெஷினில் ஏற்றினால் ஒரு ஸ்பிரிங் அறுந்து வெயிட் அடங்காமல் விரிந்தே கிடந்தது. ஸ்பிரிங்கைப் போட்டு, நான் இழுத்ததை எல்லாம் திரும்ப முன்னால் தள்ளினேன். அதற்குப் பிறகு நான் மெஷின் கட்சி.

ஆவுடையப்பன் அண்ணாச்சி விசைத்தறி வைத்திருந்தார். கோயிலுக்குப் போகாமல் தறியை ஓட்டமாட்டார். கையில் கொஞ்சம் சேர்ந்ததும் ஒரு பழைய டாக்ஸி வாங்கினார். டிரைவராக செல்லையாவைப் போட்டார். செல்லையா நல்ல கை. வாய் அதைவிட நீளம். வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டு எனக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்துகொள்வான்.

"வே மாடசாமி, ஒம்ம வாயில பாயிண்ட் ஒட்டிக்கிடுச்சா? உப்புத்தாள் போட்டுத் தேச்சு விடட்டுமா?"

நான் வேலையைப் பார்ப்பேன்.

"சம்சாரம் எப்படிவே ஒம்மகூடக் காலம் தள்ளுதாவ? சைகையிலயா?"

அவனுக்குப் பதில் தேவையில்லை. பேசிக்கொண்டே இருப்பான். ஷெட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். மதினிகூட முந்தானையால் வாயை மூடிக்கொள்வார்கள்.

வண்டி வந்து கொஞ்ச காலத்தில் ஆவுடையப்பன் அண்ணாச்சி ஷெட்டுக்கு வந்தார். வண்டி பெட்ரோல் குடிக்கிறது என்றார். டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றினேன், கழுவினேன், மெஷினில் ஏற்றினேன். அம்பு ஒழுங்காகப் போய் ஒழுங்காக வந்தது. பிளக், கார்புரேட்டர் எல்லாம் பார்த்தோம். குறை இல்லை. மாட்டி அனுப்பினோம். வண்டி நன்றாக ஓடியது. கொஞ்ச நாள் கழித்துத் திரும்ப அதே பேச்சு. திரும்பக் கழற்றினேன், கழுவினேன், ஏற்றினேன். அம்பு சரியாக இருந்தது.

"சாமான்ல குத்தம் இல்ல அண்ணாச்சி" என்று மதினி சொன்னார்கள்.

"அப்ப பெட்ரோல் எங்கம்மா போகுது?" என்று கேட்டார். பதிலுக்கு நிற்கவில்லை.

மறுநாள் ஒரு பேட்டரியைக் கொடுக்க டாக்ஸி ஸ்டாண்டுக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்தது. செல்லையா வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஆவுடையப்பன் அண்ணாச்சி வந்தார். டிரைவர்கள், டீக்கடையில் நின்றவர்கள், எல்லோரும் இருந்தார்கள்.

"சாவியக் குடு" என்றார்.

"என்ன அண்ணாச்சி?"

"மெஷின்லயே ஏத்திப் பாத்தாச்சு. வண்டியில கொறை இல்லன்னு மெஷினே சொல்லிருச்சு. அப்ப கொறை யாருகிட்ட?"

"அண்ணாச்சி, நான் ஒரு சொட்டு எடுத்ததில்ல."

"சர்வீஸ் விட்டு வந்ததும் கொஞ்ச நாளு ஒழுங்கா ஓடுதுல்லா? பொறவு எப்படிக் குடிக்கி? புடிச்சிருவாவன்னு பயம் இருக்கவரைக்கும் எடுக்க மாட்ட. பயம் விட்டதும் கை நீளுது. திருட்டுப்பய ஓட்டுத வண்டி எனக்கு வேண்டாம்."

செல்லையா என்னைப் பார்த்தான். நான் பேட்டரியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மெஷினை ஓட்டியது நான். மெஷின் காட்டியதும் உண்மை.  அவன் சாவியைக் கொடுத்துவிட்டு, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு நடந்தான்.

நான்கு நாள் கழித்து அவனைத் திரும்ப ஸ்டாண்டில் பார்த்தேன். ஒரு நாள் சவாரிக்கு ஆக்டிங் டிரைவர் வேண்டும் என்று யாராவது கேட்பார்களா என்று வந்து நின்றான். ஒருவரும் கேட்கவில்லை. மற்ற டிரைவர்கள் அவனுக்குப் 'பங்க்' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

"என்ன பங்க், இன்னைக்கு லீவா? என் வண்டிக்கு ரெண்டு லிட்டர் போடும்வே" என்றார் சுப்பையா என்ற டிரைவர்.

வேறு நாளாக இருந்தால் செல்லையா அவருடைய ஏழு தலைமுறையையும் இழுத்திருப்பான். அன்று துண்டை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன்.

"திருப்பூருக்குப் போயிரலாம்னு இருக்கேன்" என்றான். "பனியன் கம்பெனியில மூட்டை தூக்குனா, அங்க யாருக்கு என்ன தெரியும்? இங்கன இந்தப் பேரோட எந்த வண்டிக்கும் சாவி தரமாட்டாவ."

"வே, சர்வீஸ் விட்டதும் வண்டி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"அம்சமா இழுக்கும். கால் வச்சாப் போதும்."

"பொறவு?"

"கொஞ்சம் கொஞ்சமா சோம்பும். மிதிமிதின்னு மிதிக்கணும். ரேடியேட்டரு கொதிக்கும். நான் அவருட்ட சொன்னேன்வே. அவரு நம்பலை. நீரும் நம்பலைல்லா?"

டீக்குக் காசைக் கொடுத்துவிட்டு ஷெட்டுக்கு வந்தேன். அன்று முழுக்க அதே யோசனை. ஆவுடையப்பன் அண்ணாச்சியும் செல்லையாவும் சொல்வது ஒரே சங்கதி. நம் கைக்கு வந்து போனால் வண்டி சரியாகிறது, பிறகு கெடுகிறது. அண்ணாச்சி அதை வைத்து இவனைத் திருடன் என்கிறார். அதை விட்டுவிட்டுப் பார்த்தால்? குறை இல்லை என்று நாம் சொல்கிற வண்டி நம் கைக்கு வந்து சரியாகிறது என்றால், நாம் எதையோ சரிசெய்கிறோம். எதை? பிளக் நன்றாகத்தான் இருந்தது. பாயிண்ட் இடைவெளி சரியாகத்தான் இருந்தது. டைமிங்கை நான் தொடவே இல்லை. இரண்டு தடவையும் நான் செய்தது ஒன்றுதான். கழுவினேன்.

வண்டி திரும்ப வரட்டும் என்று காத்திருந்தேன்.

வந்தது. ஆக்டிங் டிரைவர் ஒருவர் ஓட்டிவந்தார். ஆவுடையப்பன் அண்ணாச்சி பின்னால் உட்கார்ந்திருந்தார். இறங்கும்போதே கோபம்.

"அந்தப் பய போயும் வண்டி குடிக்கி. போகும்போது உள்ள எதையோ செஞ்சு வச்சிட்டுப் போயிருக்கான். பாத்துச் சொல்லுங்கம்மா. போலீஸ் ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்திருதேன். சாயங்காலமா வாரேன்."

அவர் போனதும் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றினேன். மெஷின் பக்கம் கொண்டுபோனேன்.

"கழுவலையே" என்றார்கள் மதினி.

"கழுவலை மதினி. இப்படியே ஏத்திப் பாக்கணும்."

"கோட்டி புடிச்சிருக்கா? மெஷினு என்னத்துக்காவும்?"

"கழுவித்தான் ரெண்டு தடவை ஏத்தினோம். ரெண்டு தடவையும் குத்தம் இல்லன்னு சொன்னோம். குத்தம் இருந்துச்சுன்னா அது கழுவுன பெட்ரோல்லதான் போயிருக்கணும்."

மதினி யோசித்தார்கள்.

"உள்ள செல்லையாவே எதையாவது போட்டிருந்தாம்னா?"

"இருந்தா அதையும் பாத்துருவோம்."

"அவனைப் போலீஸ்ல புடிச்சிட்டுப் போவாவ. நாமதான் காட்டிக்குடுத்ததா ஆவும்."

"ஆவட்டும் மதினி. தெரியாமக் கெடக்கக் கூடாது."

நான் அவர்களிடம் அவ்வளவு பேசியது அன்றுதான். அவர்கள் ஒரு பழைய துணியைக் கிழித்துக் கொடுத்தார்கள். மெஷின் பிடிக்குள் தூசி விழாமல் அதைச் சுற்றி, டிஸ்ட்ரிபியூட்டரை நிறுத்தி இறுக்கினேன். மோட்டாரைப் போட்டேன். அம்பு மின்னியது.

"ஏத்து."

ஏற்றினேன். அம்பு அப்படியே நின்றது.

"ஏத்து."

"ஏத்தியாச்சு மதினி."

"இன்னும்."

ரோட்டில் அந்த வண்டி ஓடுகிற வேகத்தைத் தாண்டி ஏற்றினேன். அம்பு ஒரு கோடுகூட நகரவில்லை. ஆணி அடித்த மாதிரி நின்றது. மதினி வாயில் வெற்றிலை அப்படியே இருந்தது.

மோட்டாரை நிறுத்தினேன். திறந்து பார்க்கத் திருப்புளியை எடுத்தேன். மதினி என் கையைத் தடுத்தார்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மேல் துணியைப் போட்டு மூடினார்கள்.

"ஆவுடையப்பன் அண்ணாச்சி வரட்டும். அவரு கண்ணு முன்னால தொற. செல்லையாவுக்கும் ஆள் சொல்லி அனுப்பு."

செல்லையா முதலில் வந்தான். சங்கதியைச் சொன்னேன். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, நீ போட்டதாக இருந்தால் இப்போதே சொல் என்றேன்.

"தொறவும்" என்றான்.

ஆவுடையப்பன் அண்ணாச்சி வந்தார். செல்லையாவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மதினி அவருக்கு ஸ்டூலைப் போட்டார்கள். முதலில் மெஷினை ஓட்டச் சொன்னார்கள். வேகம் ஏறியது. அம்பு நின்றது.

"இந்த அம்பு ஓடணும் அண்ணாச்சி. ஓடலைன்னா வண்டி குடிக்கும். இதுவரைக்கும் நாங்க கழுவிட்டுப் பாத்தோம். அதனால ஓடுச்சு. இன்னைக்குக் கழுவலை" என்றார்கள்.

"அதான் சொல்லுதேன். உள்ள எதையோ போட்டிருக்கான்."

"தொற, மாடசாமி."

டிஸ்ட்ரிபியூட்டரை இறக்கினேன். பாயிண்டைக் கழற்றினேன். தட்டைத் தூக்கினேன். வெயிட் இரண்டும் தெரியவில்லை. சிவப்பாக ஒரு சேறு. எண்ணெயில் குழைந்து, வெயிட்டின் முளையைச் சுற்றி அப்பி, ஸ்பிரிங் வரை ஏறி இறுகிக் கிடந்தது. திருப்புளி முனையால் கொஞ்சம் எடுத்துக் காகிதத்தில் வைத்தேன்.

மதினி விரலால் தொட்டார்கள். மூக்குப் பக்கம் கொண்டுபோனார்கள். சட்டென்று செருப்பைக் கழற்றிவிட்டார்கள்.

"இது நம்ம கோயில் புத்துமண்ணுல்லா?"

கோயிலில் பிரசாதமாகத் தருகிற புற்று மண். இந்த ஊரில் அது இல்லாத வீடு கிடையாது. உடம்புக்கு முடியவில்லை என்றால் பூசுவோம். பிள்ளைகளுக்கு நாக்கில் வைப்போம். யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆவுடையப்பன் அண்ணாச்சி ஸ்டூலிலிருந்து எழுந்தார். காகிதத்தை வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நான்தான் வச்சேன்" என்றார்.

செல்லையா நிமிர்ந்து அவரைப் பார்த்தான்.

"மாசம் பொறந்தா தறி மோட்டார்ல ஒரு சிட்டிகை வைப்பேன். வண்டிக்கும் வச்சேன். நெருப்பு பொறக்குத எடம் இந்த மூடிக்குள்ளதான்னு வண்டிய வித்தவன் சொன்னான். மூடியத் தொறந்து, அந்த பாயிண்ட் முள்ளுல படாம ஓரமாத்தான் வச்சேன். வண்டி குடிக்கி குடிக்கின்னதும் ரெண்டு சிட்டிகையா வச்சேன்."

தட்டில் ஓட்டைகள் உண்டு. வண்டி ஆடுகிற ஆட்டத்தில் மண் அதன் வழியாக அடியில் இறங்கிவிடும். அங்கே எண்ணெய் இருக்கும். இரண்டும் சேர்ந்தால் பசைதான். அதைச் சொன்னேன்.

"சாமி மண்ணு எப்படிப்பா வண்டியக் கெடுக்கும்?" என்று கேட்டார். சண்டைக்குக் கேட்கவில்லை. நிசமாகவே கேட்டார்.

"நெத்தியில பூசுத மண்ணைக் கண்ணுக்குள்ள போட்டா என்ன ஆவும் அண்ணாச்சி?" என்றார்கள் மதினி.

அவர்களே காகிதத்தை விரித்துப் பிடித்தார்கள். மண்ணை வழித்து வழித்து அதில் வைத்தேன். கழிவுத் தட்டில் போடவிடவில்லை. பின்னால் வாழை நின்றது. அதன் தூரில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தார்கள். பிறகு கழுவினேன். காயவைத்து மெஷினில் ஏற்றினேன். ஆவுடையப்பன் அண்ணாச்சி குனிந்து பார்த்தார். வேகத்தை ஏற்றினேன். அம்பு கிளம்பி ஒவ்வொரு கோடாகப் போனது. இறக்கினேன். அதே வழியில் திரும்பி வந்தது.

"மாட்டு" என்றார்கள் மதினி. பிறகு என்னிடம் தனியாக, "இனிமே மொதல்ல பாரு, பொறவு கழுவு. மெஷினுக்கு ஆனது ஆவட்டும்" என்றார்கள். அன்றோடு பழைய சட்டம் போனது. ஷெட் மூடுகிற வரைக்கும் வந்த சாமானை வந்தபடி ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கழுவினோம்.

டிஸ்ட்ரிபியூட்டரை மாட்டி எஞ்சினைக் கிளப்பிப் பார்த்துச் சாவியைக் கொடுத்தேன். ஆவுடையப்பன் அண்ணாச்சி சாவியை செல்லையாவிடம் நீட்டினார்.

"எடுத்துக்கோ" என்றார்.

செல்லையா வாங்கவில்லை.

"சாவி இருக்கட்டும் அண்ணாச்சி. என்னைத் திருட்டுப்பயன்னு எங்கன வச்சுச் சொன்னிய?"

"அது... ஸ்டாண்டுல."

"அங்கன வச்சே இதையும் சொல்லுங்க."

"நான்தான் கெடுத்தேன்னு சொல்லிட்டேன்ல. இங்க இவுக எல்லாரும் கேட்டாவல்லா?"

"இவுக என்னைத் திருடன்னு சொல்லலை. ஸ்டாண்டுலதான் பங்க்குன்னு கூப்பிடுதானுவ."

"அம்புட்டுப் பேரு முன்னால நான் எப்படிடே?"

"நானும் அம்புட்டுப் பேரு முன்னாலதான் நின்னேன்."

ஆவுடையப்பன் அண்ணாச்சி மதினியைப் பார்த்தார். மதினி மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்தார். நான் ஸ்பேனர்களை அடுக்கினேன். அவர் சாவியை ஆக்டிங் டிரைவரிடம் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினார். வண்டி போனது. செல்லையா துண்டை உதறித் தோளில் போட்டான்.

"நாளைக்குக் காலையில திருப்பூர் பஸ். பையெல்லாம் கட்டியாச்சு" என்றான்.

"வாங்கிருக்கலாம்லடே" என்றார்கள் மதினி.

"வாங்கிருந்தா பெட்ரோல் திருடனுக்குப் பாவம் பாத்து வேலை குடுத்தாவன்னு ஆயிரும் மதினி."

மறுநாள் காலையில் ஸ்டாண்டுக்குப் போனேன். வேலை ஒன்றும் இல்லை. அவனைப் பஸ் ஏற்றிவிடலாம் என்று போனேன். பையைக் காலடியில் வைத்துக்கொண்டு டீக்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தான். திருப்பூர் பஸ் வந்து நின்றிருந்தது. கண்டக்டர் ஊர்ப் பேரைக் கத்திக்கொண்டிருந்தார். சுப்பையா தன் வண்டி மேல் சாய்ந்து நின்றார்.

"பங்க் ஊரைவிட்டே கெளம்பியாச்சு. இனி பெட்ரோலுக்கு எங்க போவோம்?" என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

செல்லையா கிளாஸை வைத்துவிட்டுப் பையை எடுத்தான். அப்போது ஆவுடையப்பன் அண்ணாச்சி வண்டி வந்து நின்றது. அவர் இறங்கினார். கோயிலுக்குப் போய்விட்டு வந்திருந்தார். நெற்றி நிறைய திருநீறு. நேரே டீக்கடை முன்னால் வந்து நின்றார்.  இருமிவிட்டுப் பேசினார்.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க. செல்லையா பெட்ரோல் எடுக்கலை. அவன் மேல குத்தமே இல்ல. நான் வண்டிக்குள்ள புத்துமண்ணை வச்சேன். அதுல வண்டி கெட்டுச்சு. அது தெரியாம இவனை இதே எடத்துல வச்சுத் திருட்டுப்பயன்னு சொல்லிட்டேன். அது என் தப்பு."

டீ ஆற்றுகிறவர்கூட நிறுத்திவிட்டார்.

"புத்துமண்ணா? எஞ்சினுக்கு என்ன சொறியா, செரங்கா?" என்றார் சுப்பையா. சிரிப்பு கிளம்பியது. ஆவுடையப்பன் அண்ணாச்சி முகம் சிவந்தது. ஆனால் போகவில்லை.

"என்னையச் சிரிங்க. அவனை இனி அந்தப் பேரு சொல்லிக் கூப்பிடாதிய" என்றார்.

சாவியை நீட்டினார். திருப்பூர் பஸ் ஹாரன் அடித்தது. கண்டக்டர் செல்லையாவைப் பார்த்து, "வாரியளா, இல்லையா?" என்றார்.

"நீங்க போங்க" என்றான் செல்லையா. சாவியை வாங்கினான். "இன்னைக்கு எங்க அண்ணாச்சி சவாரி?"

"தென்காசி. பார்ட்டி வீட்டுல காத்துக்கிட்டு இருக்காவ."

பையை டிக்கியில் போட்டான். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டான். எஞ்சினைக் கிளப்பி ஒரு முறை மிதித்துப் பார்த்தான். பிறகு தலையை வெளியே நீட்டினான். ஸ்டாண்டு முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினான்.

"வே மாடசாமி! வேலையைச் செய்யாம விட்டுப் பேரு வாங்குன மெக்கானிக் இந்த ஜில்லாவுலயே நீரு ஒருத்தர்தாம்வே!"

எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.  அவன் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வண்டி பஸ்ஸை முந்திக்கொண்டு போய்விட்டது.